கரையில் கிடக்கும் முள்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள் பெரியோர். காலில் தைத்த முள்ளுக்கு அது பொருந்தும். சைக்கிள் டயரில் தைத்த முள்ளைப் பஞ்சர் கடையில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, ஆண்டு மலரில் எழுத இவனுக்குப் பஞ்சர்தானா கிடைத்தது என்று சிலர் நகைக்கலாம். ஆற்றங்கரை வழியாக வந்து பஸ் பிடிக்கும் நண்பர்கள் நகைக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு நான்கு கிலோமீட்டர். அதில் மூன்று கிலோமீட்டர் வெண்ணாற்றுப் பாசன வாய்க்காலின் கரை. ஒருபுறம் வயல், மறுபுறம் தண்ணீர். பார்க்கிறவர் கண்ணுக்கு அழகுதான்; சைக்கிளில் போகிறவன் கண் மட்டும் தரையை விட்டு அகலக்கூடாது. சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வன்று காலையில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே ஓடினேன். பஸ்ஸின் பின்புறத்தைத்தான் பார்க்க முடிந்தது. அடுத்த பஸ் பிடித்து ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, மற்றவர்கள் தண்டின் குறுக்கு வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பெருந்தன்மையோடு அனுமதித்தார். ஆனால் போன நேரத்தை அவராலும் திருப்பித் தர இயலாதல்லவா? அன்று மாலை டயரின் உட்புறத்தைத் தடவியபோது கையில் குத்தியது ஒரு கருவை முள். அரை அங்குலம்கூட இல்லை.

என் கதையாவது இத்தோடு போயிற்று. என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும்போது இரண்டு முறை கரையில் பஞ்சர் ஆயிற்று. இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவளை எதிர்கொண்டு அழைக்க அம்மா டார்ச் லைட்டோடு போனார். இரண்டாம் முறை, “போதும், இனிமே சாயங்காலக் கிளாஸ் வேண்டாம்” என்று வீட்டில் முடிவாயிற்று. அரை அங்குல முள் ஒரு பெண்ணின் படிப்பிலிருந்து நாள்தோறும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. நமக்கு அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்று அந்தக் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் வெறும் வண்டியாக இருக்கவில்லை. யாரையும் கேட்காமல் போய்வரும் உரிமையாக இருந்தது. அந்த உரிமை ஒரு முள்ளில் காற்றுப் போய்விடுமானால் அதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கலாமா?

1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு முன்பிருந்த கெட்டி ரப்பர் சக்கரத்துக்குப் பஞ்சர் என்பதே கிடையாது. ஓட்டுபவரின் எலும்புதான் நொறுங்கும். சொகுசும் பஞ்சரும் ஒரே நாளில் பிறந்தன எனலாம்.

நம் பகுதியில் டயரைத் துளைப்பவை பெரும்பாலும் இரண்டு தாவரங்கள். ஒன்று சீமைக்கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வோம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த இம்மரம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. இதன் காயை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். தரைக்குமேல் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் தழைக்கும். கணுக்களில் பெரும்பாலும் இரட்டையாக நிற்கும் முட்கள் காய்ந்தபின் ஆணியைப் போல் இறுகிவிடும்.

மற்றொன்று நெருஞ்சி. மஞ்சள் பூவோடு தரையில் படரும் இதன் காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்கள் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். பழைய உலகத்தைச் சேர்ந்த இச்செடி அமெரிக்காவிலும் புகுந்து அங்குள்ள மலைப்பாதைச் சைக்கிள்காரர்களை அலைக்கழிக்கிறது. விதை ஆட்டின் தலையைப் போலிருப்பதால் ‘ஆட்டுத்தலை’ என்றும், செய்யும் தொழிலை வைத்துப் ‘பஞ்சர் கொடி’ என்றும் அங்கே பெயர். இதை ஒழிக்க 1961இல் இத்தாலியிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் சைக்கிள் அன்பர்கள் 2018இல் இதற்கென ஒரு விழாவே தொடங்கி, ஊர் மக்களை இச்செடியைப் பிடுங்கி வரச் செய்தார்கள். அவர்கள் மரத்தை நமக்கும் நம் நெருஞ்சியை அவர்களுக்கும் கொடுத்து வரலாறு கணக்கைத் தீர்த்துக்கொண்டது போலும்!

இனி, தடுப்பது எப்படி என்று பார்ப்போம். ஆயிரக்கணக்கில் விலையுள்ள மலைச் சைக்கிள்களில் டியூபே இல்லாத டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் துளைத்ததும் அத்திரவம் ஓட்டையில் புகுந்து இறுகி அடைத்துவிடும். தடித்த டியூபும், டயருக்கும் டியூபுக்கும் இடையில் வைக்கும் பட்டையும் உண்டு. நம் வசதிக்கு ஏற்றது அந்தப் பட்டைதான். அதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன், பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, வால்வுப் பகுதியை நீக்கி, டயருக்குள் சுற்றிலும் விரித்து, அதன்மேல் புது டியூபை வைத்துக் கொடுத்தார். வண்டி சற்றுக் கனமாயிற்று. ஆனால் சிறு முட்கள் டியூபைத் தொடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அவரிடம் கற்ற வேறு சில பாடங்களும் உண்டு. முள் தைத்தவுடனே பஞ்சர் ஆகிவிடுவதில்லை. பல முட்கள் முதலில் ரப்பரில் பதிந்து, ஓட ஓடத்தான் உள்ளே இறங்குகின்றன. ஆகவே வீடு திரும்பியதும் சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பார்த்து, பதிந்திருப்பதை எடுத்துவிட்டால் மறுநாள் பஞ்சரைத் தவிர்க்கலாம். ஆனால் நடுவழியில் ஆழமாக ஏறிய முள்ளைப் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டைக்குத் தக்கையாக இருந்து கடைவரை காற்றைக் காக்கக்கூடும். ஒட்டுப் போட்ட பின் டயரின் உட்புறத்தை விரலால் தடவாமல் மாட்டினால், உடைந்து நின்ற முள்முனை அரை மணியில் மறுபடி துளைக்கும். காற்று நிறைய அடித்தால் முள் ஏறாது என்பது தவறான எண்ணம். எனினும் காற்றுக் குறைந்தால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அந்தப் பழியை முள்ளின்மேல் போடுவது நியாயமல்ல. நூல் தெரியத் தேய்ந்த டயருக்கு எந்த வைத்தியமும் உதவாது.

இவ்வளவும் செய்தபின்னும் நீண்ட கருவை முள் வந்தால் பழைய டியூப் என்ன செய்யும்? எனவே டயரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வைத்தியமே. முள் பாதைக்கு எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

கோடையில், மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வாய்க்கால்களில் தூர் வாருகிறார்கள். அப்போது பொக்லைன் இயந்திரம் கரையோரக் கருவையைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டுப் போகிறது. ஒதுங்கிய கிளை வெயிலில் காய்கிறது; முள் பாதையில் உதிர்கிறது. நாங்கள் புத்தகத்தோடு அவ்வழியே வரும் வேளையில் ஒவ்வொரு முள்ளும் இறுகிக் காத்திருக்கிறது. இது ஒரு வழி. மற்றொரு வழியை எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

என் தந்தை விவசாயக் கூலி. வயலில் வேலை இல்லாத நாட்களில் வேலி அடைக்கவும் விறகுக்கும் கருவை வெட்டுகிறார். வெட்டிய கட்டு அந்தக் கரை வழியாகத்தான் போகிறது. ஒருநாள் கோபத்தில், “வழியெல்லாம் முள்ளைக் கொட்டிக்கிட்டுப் போறாங்கப்பா” என்று சொல்லிவிட்டேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த முள்ளு வெட்டுன காசுலதான் தம்பி உனக்குப் பீஸு கட்டுனேன்” என்றார். என் டயரில் ஏறிய முள் என் தந்தையின் தலைச்சுமையிலிருந்தே விழுந்திருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

அதன்பின் அவர் முள் வெட்டப் போகும்போது ஒரு விளக்குமாற்றையும் எடுத்துப்போகிறார். வேலை முடிந்ததும் பாதையைக் கூட்டிவிட்டு வருகிறார். அதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணிக்கு அவருக்குக் கூலி இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். முள் வெட்டுவதற்குக் கூலி உண்டு. வெட்டிய முள்ளைப் பாதையிலிருந்து அகற்றக் கூலி இல்லை. தூர் வாரக் கணக்கு உண்டு. வாரிய கரையைக் கூட்டக் கணக்கு இல்லை. கணக்கில் வராத அந்த வேலையை நம் டியூபும், நம் காலும், என் தங்கையின் மாலை நேரமும் செலுத்துகின்றன. பாதையைச் சுத்தம் செய்வதும் வேலையின் ஒரு பகுதியே என்று வேலை கொடுப்பவர், தனியாராயினும் பொதுத்துறையாயினும், ஏற்றுக்கொண்டு அதற்கும் கூலி தர வேண்டும். கூலிக்காரரிடம் மட்டும் ‘பார்த்துப் போ’ என்பது நியாயமாகாது.

கருவையை அடியோடு ஒழித்துவிட்டால் போதுமே என்பார் உண்டு. 2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கையும் இம்மரத்தை அகற்ற வேண்டியவற்றுள் சேர்த்திருக்கிறது. நானும் அதை வரவேற்கிறேன். ஆயினும் இராமநாதபுரம் சீமையில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும், எங்கள் ஊரில் அடுப்பெரிக்க வேறு விறகு இல்லாதவர்களையும் மறந்துவிட்டு ஒரே நாளில் செய்யக்கூடிய காரியமல்ல அது. பாதையோரத்தில் முளைக்கும் கன்றுகளை வேரோடு பிடுங்குவதோ இன்றே முடியும். முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும், முற்றினால் வெட்டுபவர் கையையே அது வருத்தும் என்று வள்ளுவர் பகையைப் பற்றி உவமை சொன்னார். நம் கரைகளுக்கு அது உவமை அன்று, நேரடியான அறிவுரை.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நான் பணிவோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மரக்கன்று நடுவது நல்லதே. அதனோடு, மாணவர் வந்துபோகும் ஏதேனும் ஒரு வாய்க்கால் கரையை எடுத்துக்கொள்வோம். உதிர்ந்த முள்ளைக் கூட்டி எரிப்போம். கருவைக் கன்றை வேரோடு எடுப்போம். நெருஞ்சியைக் காய் முற்றுமுன் பிடுங்குவோம். கல்லூரிச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பும், ஒட்டுப் போடும் சாமானும் இருந்தால் அவசரத்துக்கு உதவும். தாவரவியல் மாணவர்கள் செடியை அடையாளம் காட்டுவோம். மற்றவர்கள் மண்வெட்டி பிடியுங்கள்.

விளக்குமாறு இரண்டு வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.