திரும்பி வருவதற்கான சாட்சியம்

நம்முடைய பயணக் கட்டுரைகள் எல்லாம் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றன. ஜன்னலோர ஸீட், கீழே பஞ்சுப் பொதியாக மேகம், பணிப்பெண்ணின் புன்னகை. பிறகு ஈஃபல் கோபுரம். அங்கேயும் தயிர் சாதம் கிடைத்துவிட்ட அதிசயம். வாரப் பத்திரிகைத் தொடர்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. அவற்றைக் கேலி செய்து வளர்ந்த சிறு பத்திரிகைக்காரர்களும் வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தபோது, கோபுரத்துக்குப் பதில் மியூஸியத்தையும் தயிர் சாதத்துக்குப் பதில் காஃப்காவின் கல்லறையையும் வைத்து அதே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். விமானத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களை இரண்டு தரப்பும் சேர்ந்தே மறைக்கின்றன. மறைக்கப்படுவது அற்ப விஷயமல்ல என்பது என் கட்சி.

நான் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தவன். 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், பத்து விரல் ரேகை, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், 90 யூரோ கட்டணம் (2024 ஜூனுக்கு முன் 80). விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பி வராது. இதெல்லாம் பணச் சமாசாரம், போகட்டும். படிவத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன சாட்சி என்று அது கேட்கிறது. மறுப்புக் கடிதம் முன்கூட்டியே அச்சிடப்பட்ட ஒரு தாள். காரணங்களுக்கு எதிரே கட்டங்கள். விசா முடிவதற்குள் வெளியேறும் உத்தேசம் உமக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது என்பது அவற்றில் ஒன்று.

மனசுக்குள் இருக்கும் உத்தேசத்தை எப்படி நிரூபிப்பது? வங்கிக் கணக்கு, வருமான வரி, சம்பளச் சீட்டு, முதலாளியின் விடுப்புக் கடிதம், சொத்துப் பத்திரம் இவற்றைக் காட்டி. நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திப் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவன். சம்பளச் சீட்டு கிடையாது. இருப்பது வாடகை வீடு. என்னை இந்த ஊரோடு கட்டி வைத்திருப்பவை ஒரு பாஷை, நாலைந்து சிநேகிதர்கள், முடிக்காமல் வைத்திருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு. இவற்றுக்கு நோட்டரி கையெழுத்துப் போட மாட்டார். நம் கவிஞர்கள் ‘வேர்’ என்று பல வருஷங்களாக உருகிக்கொண்டிருக்கும் சொல்லுக்கு ஓர் அலுவலகம் சத்தமில்லாமல் பொருள் நிர்ணயித்துவிட்டது. வேர் என்றால் பட்டா.

என் காகிதங்களைச் சரிபார்த்த டிராவல்ஸ்காரர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்: “சார், எழுத்தாளர்னு எங்கயும் போட்றாதீங்க. வீணா கேள்வி வரும்.” பிறகு நான் ஏன் திரும்பி வருவேன் என்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னார். தமிழில் தன்வரலாறு வளரவில்லை என்று விமர்சகர்கள் அங்கலாய்க்கிறார்கள். எத்தனையோ தமிழர்கள் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கி, ஆதாரங்கள் இணைத்து, நம்பத் தயாராக இல்லாத ஒரே ஒரு வாசகனுக்காக எழுதித் தந்துகொண்டிருக்கிறார்கள். அவை பிரசுரமாவதில்லை. அவ்வளவுதான்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. பெயருக்குப் பின்னால் ஜாதியைச் சுமக்காமல் நடக்கத் தமிழன் பழகிக்கொண்டான். தகப்பன் பெயரின் ஓரெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டதோடு சரி. படிவம் குடும்பப் பெயர் எங்கே என்கிறது. அந்தக் கட்டத்தில் தகப்பனைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். காலமான என் தகப்பனாருக்கு ஐரோப்பிய ஓட்டல்கள் ‘அன்புள்ள’ என்று விளித்துக் கடிதம் எழுதுகின்றன. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரனின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இயற்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ., அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்திக்கொண்டது. ஒரு சமூகம் யோசித்து எடுத்த முடிவு இந்தக் கட்டங்களில் வெறும் குறைபாடாகிவிடுகிறது. பெயர் அரசியல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட இதைத் தொடவில்லை.

இந்த இடத்தில் நம் அறிவுஜீவி ஸ்டீஃபன் ஸ்வைக்கை இழுத்து வருவார். 1914-க்கு முன் பாஸ்போர்ட்டே இல்லாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததை ஸ்வைக் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். அந்தப் பொற்காலம் போயிற்றே என்று நாமும் சேர்ந்து பெருமூச்சு விடுகிறோம். யாருடைய பொற்காலம்? ஸ்வைக் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே, 1860 நவம்பரில், ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படிப் போனவர்களைப் பற்றிய பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் எல்லாம் உண்டு. வியன்னாக்காரன் காகிதமில்லாமல் திரிந்த காலத்தில் நம் ஆட்கள் காகிதத்தோடுதான் கடல் கடந்தார்கள். போனவன் தோட்டத்தை விட்டு ஓடிவிடக் கூடாது என்பது அன்றைய கவலை. வந்தவன் தங்கிவிடக் கூடாது என்பது இன்றைய கவலை. கேள்விகள் பெரிதாக மாறிவிடவில்லை. நமக்கான முன்கதை ஸ்வைக்கின் புத்தகத்தில் இல்லை, அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது.

எந்த நாடும் தன் வாசலில் யார் என்று கேட்கத்தானே செய்யும் என்பார்கள். கேட்கட்டும். நம் வாசலின் யோக்கியதையும் எனக்குத் தெரியும். 2014 நவம்பரில் இந்தியா பல நாட்டுப் பயணிகளுக்கு மின்-விசா கொடுக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்தபடியே வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் படிவம் வருகிறவனின் மதத்தைக் கேட்கிறது. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான்காரர்களா என்று கேட்கிறது. ஆகவே இது வெள்ளைக்காரனைத் திட்டும் கட்டுரை அல்ல. எனக்கு விசா கிடைத்தது, போய்வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காதவனின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

என் சண்டை எழுதுகிறவர்களோடு. கையில் விசா வந்ததும் அந்த இரண்டு மாத அவமானம் எப்படி ஒரேயடியாக மறந்துபோகிறது? மறந்தால்தான் சமமான விருந்தாளியைப் போல பாரிஸின் காப்பிக் கடையில் உட்கார்ந்து அதன் நாகரிகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியும். ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டிப் பதினோரு முறை சுற்றுகிறவன், கிடைத்தால் திரும்பி வந்து நூற்றெட்டு முறை சுற்றுகிறான். அவனைப் பார்த்து நம் நவீன எழுத்தாளன் சிரிக்கிறான். ஆனால் தான் எதற்கு எதிரே நிற்கிறோம் என்பதை அவன் ஒளித்துக்கொள்வதில்லை. அந்த மட்டில் அவன் நம்மைவிட நேர்மையானவன்.

இனி பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள், ஏன் திரும்பி வருவேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தைத் தமிழ்ப்படுத்தி முதல் அத்தியாயமாக வைக்கட்டும். அதில் எது நிஜம், எது அதிகாரிக்காகச் சேர்த்தது என்பதையும் எழுதட்டும். மேகத்தில் ஆரம்பிக்கும் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருப்பி அனுப்பட்டும்.