படிச்ச பிள்ளை காருக்குக் கீழ படுத்தால் என்ன?

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சுபாரு எஸ்டிஐ வாங்கக் காசிருக்கு. எக்ஸோஸ்ட் மாத்தவும் காசிருக்கு. பின் டிஃபரன்ஷியல் ஒயிலைக் கடைசியா எப்ப மாத்தினீங்கள்? நாலு சில்லும் இழுக்கிற காரில பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரிச்சுக் குடுக்கிறது அதுதான்.

நானும் முந்தி கராஜில குடுத்தவன்தான். கியர் பொக்ஸுக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்துக் காசு கட்டினன். வீட்ட வந்து குனிஞ்சு பாத்தால், பின் பிளக்கில குளிர்கால றோட்டு உப்பும் ஊத்தையும் அப்பிடியே இருக்கு. ஸ்பானரே படேல்லை.

இப்ப நானே செய்யிறன். காரை நாலு ஸ்டாண்டில மட்டமா நிப்பாட்டுங்கோ. ஜாக்கை மட்டும் நம்பிக் கீழ போகாதேங்கோ. டிஃபரன்ஷியலில முதல்ல ஊத்துற பிளக்கைக் கழட்டுங்கோ, பிறகு வடியுங்கோ. முதல்ல வடிச்சுப்போட்டு மேல் பிளக் கழராட்டி, கார் அந்த இடத்திலேயே நிக்கும். ஜிஎல்-5 தர 75டபிள்யூ-90 ஒயில் ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். ஊத்துற ஓட்டையால வழியத் தொடங்கினால் காணும். வாஷர் புதுசாப் போடுங்கோ. பழைய ஒயிலைக் காணுக்குள்ள ஊத்தாதேங்கோ, சேகரிக்கிற இடத்தில குடுங்கோ.

"எஞ்சினியரிங் படிச்சது காருக்குக் கீழ படுக்கவோ?" எண்டு அம்மா கேக்கிறா. ஓம் அம்மா, அதுக்கும்தான். கை ஊத்தையாகிற வேலையைக் கீழா நினைக்கிற பழக்கத்தை ஊரில இருந்து காவிக்கொண்டு வந்தது காணும். நேர்மையான மெக்கானிக்கை மதிக்கவும், ஏமாத்திறவனைப் பிடிக்கவும், அந்த வேலை கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கோணும்.

இந்தச் சனிக்கிழமை ஒருக்கால் குனிஞ்சு உங்கட பிளக்கைப் பாருங்கோ.