மேலே 22, கீழே 17

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர்கள் வாங்கிய வீடுகள் பலவற்றில் பேஸ்மென்ட் வாடகைக்குப் போகிறது. மோர்ட்கேஜ் கட்ட அந்த வாடகை வேண்டும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீடு ஒரு குடும்பத்துக்கென்று கட்டப்பட்டது. ஒரு ஃபர்னஸ், ஒரு தெர்மோஸ்டாட், அதுவும் மேல்வீட்டு ஹோல் சுவரில். கீழே குடியிருப்பவர் அதைத் தொடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஜனவரி பிறந்தால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுத்தான்.

"அண்ணை, கீழ சரியான குளிரா இருக்கு."

"இஞ்ச 22 காட்டுது தம்பி, இதுக்கு மேல என்ன செய்யிறது?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தெர்மோஸ்டாட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். மேலே அடுப்பு எரிகிறது, பெரிய ஜன்னலால் வெயில் விழுகிறது, நாலைந்து பேர் நடமாடுகிறார்கள். 22 பாகை வந்ததும் ஃபர்னஸ் நின்றுவிடும். கீழே கொங்கிரீட் தரை, மண்ணை ஒட்டிய சுவர். சூடான காற்று வரும் துவாரங்களும் பெரும்பாலும் கூரையில்தான் இருக்கும். வந்த சூடு உச்சியிலேயே தங்கிவிட, கால் விறைத்துப்போகும்.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வந்த பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் வீட்டில் ஒருவரும் இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும். சூட்டைத் தானே குறைத்துவிடும். மேல்வீட்டார் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். கீழே இருக்கும் பெடியன் இரவு முழுக்க வெயர்ஹவுசில் பெட்டி தூக்கிவிட்டு அப்போதுதான் வந்து படுக்கிறான். அவன் தூங்கும் நேரம் பார்த்து வீடு குளிரத் தொடங்குகிறது. அவன் அங்கே இருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டவர்கள் இந்த அமைப்பை இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்பேன்.

வாடகையோடு ஹீட்டிங்கும் கொடுக்கும் வீட்டுக்காரர் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரத்தின் விதி. ஒன்ராறியோ மாகாண விதி 20 பாகை என்கிறது. எங்கே அளப்பது என்பதையும் அதுவே சொல்கிறது. குடியிருப்பவர் புழங்கும் அறையில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளக்க வேண்டும். மேல்வீட்டுச் சுவரில் தெரியும் 22க்கு இதில் இடமே இல்லை.

ஆகவே ஒரு சின்ன வெப்பமானியை வாங்கிக் கீழே வையுங்கள். காலையும் இரவும் பார்த்துச் சொல்லும்படி குடியிருப்பவரிடமே கேளுங்கள். 17, 18 என்று வந்தால் செய்வதற்கு வழி உண்டு. தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஓட்டோ'வில் விடாமல் 'ஒன்'னில் வைத்தால், ஃபர்னஸ் எரியாத நேரத்திலும் காற்று மேலும் கீழும் சுற்றிக் கலக்கும். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். தனி சென்சர் வைக்கக்கூடிய தெர்மோஸ்டாட் என்றால், அந்தச் சென்சரைக் கீழ் அறையில் வைக்கலாம். இதுவும் சரிவராவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீழே தனித் தெர்மோஸ்டாட்டோடு ஒரு பேஸ்போர்ட் ஹீட்டர் போடுவதுதான் நியாயம்.

கடையில் வாங்கிய 1,500 வாட் ஹீட்டரைக் கையில் கொடுத்து "இதைப் போட்டுக்கொள்" என்பது தீர்வாகாது. அது ஒன்றே பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் கூடவே சோறு வேகும் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் தீப்பிடிக்கவும் கூடும்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஆனாலும் அதைத்தான் தள்ளிப்போடுகிறோம். ஒரு அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அளவு அதன் விளிம்பிலேயே அச்சிட்டிருக்கும். அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும், ஃபர்னஸ் உள்ளுக்குள் அளவுமீறிச் சூடாகித் தானே நின்றுவிடும். பக்கச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்களையும் மறக்கக்கூடாது. பெரும் பனி கொட்டிய இரவில் அவை மூடுண்டால், காலையில் இரண்டு வீடுமே குளிர்ந்து கிடக்கும். டிரைவ்வேயை வழிக்கும்போது அந்தப் பக்கமும் போய் நாலு தரம் சவளால் அள்ளிவிட்டு வரலாம். சர்வீசை செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். உறைபனி நாளில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

குளிரைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கார்பன் மொனொக்சைட் நச்சில் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. 2013இல் மாகாணம் கொண்டுவந்த சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வாடகை வீட்டில், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைப்பதும் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்துச் சுவரோடு படுப்பவர் பெரும்பாலும் பேஸ்மென்ட்காரர்தான். மேலே ஒன்று மாட்டிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள்.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், வாய் திறந்தால் எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஜாக்கெட்டோடு படுக்கிறார்கள். முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். திகதியும் வெப்பநிலையும் போட்டு எழுத்தில் கேளுங்கள். நடக்காவிட்டால், ரொறன்ரோவில் 311க்கு அழையுங்கள். நகரத்திடம் முறையிட்டதற்காக ஒருவரை வெளியேற்றப் பார்த்தால், வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சபை அந்த விண்ணப்பத்தை மறுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பேஸ்மென்ட் முறைப்படி பதியப்படாதது என்பதால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகாது. வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருப்பவர்களுக்கு மட்டும் இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அறை எடுக்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.