லாகிரியும் மூளையும்

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் நமது கடலோரக் காவற்படையினர் அந்தமான் கடலில் ஒரு மீன்பிடி படகை மறித்து, 5,500 கிலோவுக்கு மேற்பட்ட மெத்தாம்பெட்டமைன் என்னும் லாகிரி வஸ்துவைக் கைப்பற்றினர். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்தில், கொச்சிக்கு அப்பால் நடுக்கடலில் ஏறத்தாழ 2,500 கிலோ பிடிபட்டது. அதன் விலை எத்தனை கோடி என்பதே எங்கும் பேச்சாயிற்று. விலையைக் காட்டிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இவ்வஸ்து மனிதனின் மூளைக்குள் புகுந்து செய்யும் காரியம் யாது? அதை அறியாமல் தண்டனை விதிப்பதும் பிரசாரம் புரிவதும் இருட்டில் வாள் வீசுவதற்கே ஒப்பாகும்.

இது நேற்று முளைத்த விஷமன்று. ஜப்பானிய ரசாயன சாஸ்திரி நகாய் நாகயோஷி 1893-இல் இதைத் தயாரித்தார். 1919-இல் அகிரா ஒகாட்டா இதைப் பளிங்கு வடிவில் ஆக்கினார். 1938-இல் 'பெர்விடின்' என்ற பெயருடன் ஜெர்மானிய மருந்துக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில், உறக்கமும் களைப்பும் தோன்றாதிருக்கும் பொருட்டு, ஜெர்மன் சிப்பாய்களுக்கு இம்மாத்திரைகள் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. ஜப்பானிலும் அவ்விதமே. யுத்தம் முடிந்ததும் அங்கே மிஞ்சிய சரக்கு சந்தைக்கு வந்து ஜனங்களிடையே பரவியது. 1951-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சர்க்கார்களே ஊட்டிய பொருள் குடிகளின் நோயாக முடிந்த கதை இது.

மூளையின் நரம்பணுக்களுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளிகள் உண்டு. ஓர் அணுவின் சேதியை அடுத்த அணுவுக்குச் சுமந்து செல்லும் தூதர்கள் சில ரசாயனப் பொருள்களே. அவற்றுள் டோபமைன் என்பது முயற்சிக்கும், ஊக்கத்திற்கும், அங்கங்களின் அசைவுக்கும் இன்றியமையாதது. சிறு பைகளில் சேமிக்கப்பட்டு, வேண்டியபோது அளவாக வெளிவந்து, வேலை முடிந்ததும் அணுவின் சுவரிலுள்ள வாயில்கள் வழியே அது உள்ளே திரும்பிவிடும். கொக்கேயின் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. ஆதலால் டோபமைன் வெளியே தேங்குகிறது. மெத்தாம்பெட்டமைன் இன்னும் துணிகரமான கள்வன். வாயில் வழியாகவே உள்ளே நுழைந்து, பைகளைக் காலி செய்து, வாயிலையும் எதிர்த்திசையில் இயங்கச் செய்து, களஞ்சியத்தையே வீதியில் கொட்டிவிடுகிறது. உபயோகிப்பவன் உணரும் பேருற்சாகம் புதிதாகப் பிறந்த சக்தியன்று. அவனுடைய சொந்தக் கையிருப்பு வாரி இறைக்கப்படுவதே.

அணுவினுள் பைகளுக்கு வெளியே சிதறிய டோபமைன், பிராணவாயுவின் சேர்க்கையால் நச்சுப் பொருள்களாக மாறி நரம்பின் முனைகளை அரிக்கிறது. தேகத்தின் உஷ்ணம் ஏறுவது இச்சேதத்தை அதிகமாக்குகிறது. அடுத்த அணுவோ, ஓயாத வெள்ளத்தைத் தாங்காமல், சேதியைப் பெறும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே லாகிரி தெளிந்தபின் நல்ல உணவும், நண்பரின் பேச்சும், குழந்தையின் மழலையும் சுவையற்றுப் போகின்றன. சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்கின்றன, வீட்டாரையே சந்தேகிக்கின்றனர். இவற்றை வெறும் ஒழுக்கக்கேடு என்று கூறி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

எனினும் இச்சேதம் முழுதும் நிலையானதன்று. மிருகங்களிடம் நடத்திய சோதனைகளில் சிதைவது பெரும்பாலும் நரம்பின் முனைகளே. அணுவின் உடல் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி, ஓராண்டும் அதற்கு மேலும் இப்பழக்கத்தை விட்டிருந்தோரின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தது. குறைந்திருந்த டோபமைன் வாயில்கள் கணிசமாக மீண்டிருந்தன. ஞாபகசக்தியும் அங்க அசைவின் வேகமும் அதே அளவுக்கு மீளவில்லை. நம்பிக்கையும் எச்சரிக்கையும் இம்முடிவில் ஒருங்கே அடங்கியுள்ளன.

பயமுறுத்தினால்தான் வாலிபர் திருந்துவர் என்று சிலர் கூறுவர். நாம் அதை ஒப்பவில்லை. 2002-இல் 'எக்ஸ்டஸி' என்ற வேறொரு லாகிரி ஒரே இரவில் டோபமைன் நரம்புகளை அழிக்கும் என்று பெரும் ஆரவாரத்துடன் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மறுவருஷமே அதை வாபஸ் வாங்க நேரிட்டது. குரங்குகளுக்குக் கொடுக்கப்பட்டது உண்மையில் மெத்தாம்பெட்டமைன் என்பதும், சீசாவின் பெயர்ச்சீட்டு மாறிவிட்டது என்பதும் வெளியாயின. ஒரு முறை பொய்யென்று கண்ட எச்சரிக்கையை வாலிபன் மறு முறை செவிமடுப்பானா? உண்மையே போதிய அளவு பயங்கரமானது. அதற்கு வர்ணம் பூச வேண்டியதில்லை.

இனி நமது சட்டத்தைப் பார்ப்போம். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவு உபயோகிப்பவனையும் குற்றவாளி ஆக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த ஸ்தாபனத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவனுக்கு, சொற்ப அளவு சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிடில் அப்பாதுகாப்பு நீக்கப்படலாம். இங்கேதான் சாஸ்திரமும் சட்டமும் முரண்பட இடமிருக்கிறது. நரம்பு முனைகள் மீள ஓராண்டுக்கு மேல் செல்லுமானால், இடையில் ஒரு தடவை வழுக்கி விழுந்தவனைக் கையில் விலங்கிட்டு இழுத்துச் செல்வது நியாயமாகுமா? எலும்பு முறிந்தவன் தள்ளாடுகிறான் என்று அவன் ஊன்றுகோலைப் பறிப்போர் உண்டோ?

கடலில் பிடிபடும் வியாபாரிகளிடம் தாட்சண்யம் வேண்டாம். அவர்கள் விற்பது பிறருடைய மூளை. ஆனால் அவர்களிடம் அகப்பட்டவன் நோயாளி. அவன் நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. பழக்கத்தை விட்டிருக்கும் ஒவ்வொரு வாரத்திற்கும் சிறு வெகுமதி அளித்து ஊக்குவிக்கும் முறையே நல்ல பலன் தந்திருக்கிறது. அதற்கு வேண்டியவை பொறுமையும், பயிற்சி பெற்ற ஊழியர்களும், பல மாத காலமும். ஆகையால் 64-ஏ பிரிவை ஜில்லாதோறும் விளம்பரப்படுத்துவதும், ஓராண்டாவது நீடிக்கும் சிகிச்சைக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதும், முதல் தவறுக்கே பாதுகாப்பை நீக்காதிருப்பதும் சர்க்காரின் கடமையாகும். தேகாரோக்கியத்திற்குக் கேடான லாகிரி வஸ்துக்களை விலக்க முயலுமாறு அரசியல் சாசனத்தின் 47-வது ஷரத்து பணிக்கிறது. அப்பணி கடலில் படகை மறிப்பதோடு முடிவதன்று. அகப்பட்டவனைக் கரை சேர்ப்பதும் அதில் அடங்கியதே.