வயதைக் கேட்க ஓர் ஆள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் முக்கால் மணி, ஒரு மணி நேரம். என் மகன் கல்லூரிக்குத் தினமும் போய் வருகிறான். வயது 19. காலையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி, புதுச்சேரி எல்லையான முள்ளோடை வந்ததும் அவன் பெரியவனாகிவிடுகிறான். அந்தப் பக்கம் 18 முடிந்தால் மது வாங்கலாம். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பும்போது மறுபடியும் சின்னப்பையன். இந்தப் பக்கம் 21 ஆகியிருக்க வேண்டும். தினம் ஒருமுறை வளர்ந்து ஒருமுறை சுருங்குகிற பிள்ளைக்கு நான் என்ன புத்தி சொல்ல?

அவன் குடிக்கிறான் என்று சொல்லவில்லை. குடிக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் நான் தயாரில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு நடுவே இந்தப் பேச்சு வந்தது. "ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், ராணுவத்துல சேந்து எல்லையில நிக்கலாம். ஒரு பீர் வாங்கக் கூடாதாப்பா?" என்றான். பழைய கேள்விதான். ஆனால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டு வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1989இல். அந்த வருடம் முதன்முதலாக விரலில் மை வாங்கிய பதினெட்டு வயதுக்காரர்களில் நானும் ஒருவன். "இந்தப் பசங்களுக்கு என்னடா தெரியும்" என்று என் அப்பா அப்போது முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அதையே நான் எப்படித் திருப்பிச் சொல்வேன்?

"ஓட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதாண்டா" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். "முள்ளு இருக்கு, தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று அவன் அம்மா வழக்கை ஒத்திவைத்தாள்.

நம் நாட்டில் இந்த எண்ணை வைத்து ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள். கோவாவில் 18. கேரளாவில் 21ஆக இருந்ததை 23ஆக உயர்த்தினார்கள். மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21, கடுமையான மதுவுக்கு 25. ஹரியானா 2021 டிசம்பரில் 25ஐ 21ஆக இறக்கியது. அதே வருடம் மார்ச்சில் தில்லி அரசும் அப்படியே செய்யப்போவதாக அறிவித்தது. பக்கத்து நொய்டாவில் 21 என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்களுக்கு முள்ளோடை மாதிரி அவர்களுக்கு நொய்டா. கர்நாடகத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே கலால் சட்டத்தில் 18, அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட விதியில் 21! 2023 ஜனவரியில் விதியையும் 18 ஆக்குகிறோம் என்று வரைவு வெளியிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்திலேயே வாபஸ். பதினெட்டு வயதுப் பையனின் ஈரல் மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா என்று எந்த டாக்டரையாவது கேட்டிருப்பார்களா, தெரியவில்லை. மது மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம். அதனால் ஈரலும் மாநிலப் பட்டியலுக்குப் போய்விட்டது.

என் மகன் கைப்பேசியை எடுத்து அமெரிக்காவைக் காட்டினான். அங்கே 1984இல் ரீகன் காலத்துச் சட்டம் ஒன்று: 21க்குக் கீழே வயதை வைத்திருக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டு. பணத்தைப் பிடித்துவைத்தால் எந்த மாநிலமும் வழிக்கு வரும், வந்தது. பிறகு 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள், 21 என்பதால் பிள்ளைகள் ஒளிந்து குடித்துக் கெடுகிறார்கள், இதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். "பாத்தீங்களா, பிரின்சிபாலே சொல்றாரு" என்றான்.

சரிடா. ஆனால் அங்கே பாரின் வாசலில் ஒருவன் நின்று அடையாள அட்டையைக் கேட்கிறான். முப்பது வயதுக்காரனையும் கேட்கிறான். கேட்கிற ஊரில் 18ஆ 21ஆ என்று சண்டை போட்டால் அர்த்தம் இருக்கிறது. இங்கே யார் கேட்கிறார்கள்?

நானும் எப்போதாவது வாங்குகிறவன்தான், மறைக்கவில்லை. போன மாதம் ஒரு மதுக்கடை வரிசையில் நின்றேன். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை இல்லை என்ற பலகை சுவரில் இருந்தது. பாதியை விலைப்பட்டியல் மறைத்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன். முதுகில் மாட்டவேண்டிய புத்தகப்பையை மார்பில் மாட்டியிருந்தான். மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. கம்பி வலைக்குள் கையை நீட்டினான், குவாட்டர் வந்தது. உள்ளே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு கையும் ஒரு நோட்டும்தான். கைக்கு ஏது வயது?

பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன். "தம்பி, உனக்கு என்ன வயசு?"

"ஏன் அங்கிள், லேட்டாகுதா? காசைக் குடுங்க, உங்களுக்கும் சேத்து வாங்கித் தரேன்" என்றான். வரிசையே சிரித்தது. மரியாதை தெரிந்த பையன், அதில் குறையில்லை.

உள்ளே இருந்த விற்பனையாளரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலக் கூட்டத்தில் தனியாக நிற்கிற மனிதர், ஆதாரைக் காட்டு என்று எத்தனை பேரிடம் மல்லுக்கட்டுவார்? அப்படியே திருப்பி அனுப்பினாலும் பையன் போய்விடுவதில்லை. "அண்ணே, ஒரு குவாட்டர் வாங்கிக் குடுங்கண்ணே" என்று வரிசையில் யாரையாவது பிடிப்பான். நம் ஆட்களும் வாங்கிக் கொடுப்பார்கள். 18 நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. வாங்கிக் கொடுக்கிற அந்த அண்ணனுக்கும் அது பொருந்தும். அவருக்கு இது தெரியுமா? தெரிந்தாலும் பயப்படுவாரா?

தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்கும் வேலையை 2003இலிருந்து அரசே செய்கிறது. வயது வரம்பைப் போட்டதும் அரசு, காப்பாற்ற வேண்டியதும் அரசு, விற்பதும் அரசு. 2023–24இல் மட்டும் மதுவிலிருந்து வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவரையே வாசலில் காவலுக்கும் வைத்தால் அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? இந்த லட்சணத்தில் எண்ணைக் குறைக்கலாமா கூட்டலாமா என்று டிவியில் நாலு பேர் மேசையைத் தட்டுகிறார்கள். குறைத்தால் அந்தப் பையனுக்கு என்ன லாபம்? கூட்டினால்தான் என்ன நஷ்டம்? பலகையில் பெயின்ட் அடிப்பவருக்கு ஒருநாள் கூலி கிடைக்கும்.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது மகன் கை கழுவப் போயிருந்தான். மனைவி மட்டும் இருந்தாள்.

"பேசினது போதும். நாளைக்கு ஞாபகமா ஆதாரை எடுத்துக்கிட்டு கேஸ் ஏஜென்சிக்குப் போங்க. சிலிண்டர் உங்க பேர்லதான இருக்கு, நேர்ல வந்து ரேகை வைக்கணுமாம்."

போனேன். பதினாறு வருடமாக அதே வீட்டுக்கு அதே பெயரில் சிலிண்டர் வாங்குகிற எனக்கு 54 வயது. முதலில் வலது கட்டைவிரல், பிறகு இடது, பிறகு ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி வலது. எதுவும் விழவில்லை. "சார், ரேகை தேஞ்சிருக்கு. சர்வரும் ஸ்லோ. நீங்கதான்னு மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது. வியாழக்கிழமை வாங்க" என்றது ஏஜென்சியில் இருந்த பெண்.

வியாழக்கிழமை போக வேண்டும்.