வழக்கு முடிவது எப்போது?

பெரியதொரு வழக்கின் தீர்ப்பு வெளிவரும் நாளில், தேநீர்க் கடையிலும் புகைவண்டியிலும் கல்லூரி விடுதியிலும் சில வினாக்கள் தவறாது எழுகின்றன. குற்றஞ்சாட்டப்பெற்றவர் குற்றவாளிதாமோ? தண்டனை விதித்ததும் வழக்கு முடிந்ததோ? மேல்மன்றம் விடுதலை செய்யின் முன்னர் நடந்தவை யாவும் பொய்யோ? இவற்றிற்கு விடையறியாமை சிறு குறையென்று எண்ணற்க. அக்குறையோடு வெகுளியும் கூடியவிடத்து உயிர்ச்சேதம் விளையும் என்பதற்குப் பழனிமலையில் தோன்றிய ஒரு வழக்கே சான்றாகும்.

கொடைக்கானல் மலைச்சரிவில் அமைந்த ஊர். சரிவு நிலத்தில் மிக்க பளு ஏற்றலாகாது என்பது முதலிய காரணம் பற்றி, மலையூர்க் கட்டடங்களின் உயரத்திற்கு அரசினர் வரம்பு வகுத்துள்ளனர். ஆங்குப் ‘பிளசண்ட் ஸ்டே’ என்னும் தங்கும் விடுதி அவ்வரம்பைக் கடந்து ஏழடுக்காக எழுந்தது. ஜெ. ஜெயலலிதா அம்மையார் முதலமைச்சராயிருந்த 1994-ஆம் ஆண்டில் அரசாணையொன்று அதற்கு விதிவிலக்கு நல்கியது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 1995-இல் அவ்வாணை தள்ளப்பெற்றது. உச்சநீதிமன்றமும் அம்முடிவை ஏற்றுக்கொண்டது. 1996-இல் ஆட்சி மாறியபின் குற்றவழக்கும் எழுந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் சென்னைத் தனிநீதிமன்றம் அம்மையாருக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. வேறு சிலரும் தண்டிக்கப்பெற்றனர்.

அன்றே தமிழ்நாட்டின் பலவிடங்களில் கலகம் மூண்டது. தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பேருந்துக்குத் தீவைத்தனர். மாணவியர் மூவர் உடல் கருகி மாண்டனர். கொடைக்கானல் விடுதியோடும் சென்னைத் தீர்ப்போடும் அவர்க்கு யாதொரு தொடர்பும் இல்லை. நம்மைப் போன்றே பயிலச் சென்ற இளையோர் அவர்.

இனி, முற்கூறிய வினாக்களை ஒவ்வொன்றாக நோக்குவாம். குற்றச்சாட்டு என்பது ஒரு வினாவேயன்றி விடையன்று. காவல்துறையினர் முதல் தகவலறிக்கை பதிவதும், புலனாய்ந்து குற்றப்பத்திரிகை அளிப்பதும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதும் அவ்வினாவை ஒழுங்குபெற எழுப்புதற்கே. விடை சாட்சியங்களால் வருதல் வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வழக்குத் தொடுத்தாரையே சாரும். அறிவிற்பட்ட ஐயம் எஞ்சுமாயின் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பெற்றவர்க்கே உரியது. பொற்கொல்லன் மொழிந்த குற்றச்சாட்டையே விடையாகக் கொண்டு பாண்டியன் கோவலனைக் கொல்வித்ததும், சிலம்பின் பரல் முத்தன்று மாணிக்கமே என்னும் சான்று வெளிப்பட்டபோது திருத்த வழியின்றிப் போனதும் நாம் சிலப்பதிகாரத்துட் கற்றவையன்றோ? உயிர் போயபின் வந்த சான்றினால் கோவலனுக்கு ஆகிய பயன் யாது?

திருத்த வழியில்லாத தீர்ப்பு கொடியது என்பதனாலேயே மேன்முறையீடு என்னும் வாயில் அமைந்தது. விசாரணை நீதிமன்றத்துத் தண்டனை வழக்கின் ஒரு படியேயன்றி இறுதிப் படியன்று. பிணையிலுள்ள ஒருவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை விதிக்கப்பெறின், அவர் மேல்மன்றத்தை நாடும் பொருட்டு, தண்டித்த நீதிமன்றமே அத்தண்டனையைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாம். தூக்குத் தண்டனையோ உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்றப்படலாகாது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் முதல் புதிய குற்றச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின்னும் இவ்வொழுங்கு மாறவில்லை. கொடைக்கானல் வழக்கிலும் மேன்முறையீடு நிகழ்ந்தது. 2001-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் உயர்நீதிமன்றம் அம்மையாரை விடுதலை செய்தது. பேருந்தை எரித்தார் எதனை வேண்டினரோ அதனை ஈராண்டுக்குள் சட்டமே வழங்கிற்று. மாண்ட மாணவியரை மீட்டளிக்க எந்த மன்றத்தாலும் இயலவில்லை.

அங்ஙனமாயின் அவ்விடுதியின் மேலடுக்குகள் முறையானவை ஆயினவோ எனின், ஆகவில்லை. அரசாணை விதிக்கு முரண்பட்டதா என்பது ஒரு வினா. அவ்வாணையைக் குற்றமனத்தோடு பிறப்பித்தனரா என்பது மற்றொரு வினா. முன்னதற்கு 1995-இல் விடை கிடைத்தது. பின்னதற்கு 2001-இல் கிடைத்தது. விதி மீறியதெல்லாம் குற்றமாகிவிடாது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் மீறலும் முறையாகிவிடாது. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே ஒரு சாரார் முதற்றீர்ப்பைச் சதியென்றும், மற்றொரு சாரார் பின்றீர்ப்பைச் சதியென்றும் தூற்றுகின்றனர்.

பேருந்தை எரித்த வழக்கின் போக்கும் நம் சிந்தனைக்குரியது. கிருஷ்ணகிரியில் முதற்கண் நடந்த விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தனர். அப்போது மாண்ட மாணவி ஒருத்தியின் தந்தையார் உயர்நீதிமன்றத்தை வேண்டி, வழக்கு சேலத்திற்கு மாற்றப்படச் செய்தார். வெகுளுதற்கு அவரினும் உரிமையுடையார் யாவர்? அவர் கையிலெடுத்தது விண்ணப்பமே. 2007-இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2010-இல் உச்சநீதிமன்றமும் உடன்பட்டது. எனினும் 2016-இல் அவ்வுச்சநீதிமன்றமே மறு ஆய்வு செய்து, அன்னார் கூட்டவெறிக்கு ஆட்பட்டுச் செய்தனரெனக் கருதி, ஆயுட்சிறையாகக் குறைத்தது.

ஆயுட்சிறை பதினான்கு ஆண்டுடன் தானே முடியும் எனப் பலர் கருதுவர். அது வழுவாகும். ஆயுட்சிறை வாழ்நாள் முழுமைக்கும் உரியது. குறைக்கும் அதிகாரம் அரசினர்க்கு உண்டேயன்றி விடுதலை கைதியின் உரிமையன்று. தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்களில், சட்டத்தின்வழி அரசினர் குறைப்பதற்கு முன் கழிக்கவேண்டிய கீழெல்லையே பதினான்கு ஆண்டு. ஆளுநர்க்கு அரசியலமைப்பு வழங்கிய அதிகாரமோ வேறு. அவ்வழியே, எம். ஜி. இராமச்சந்திரனாரின் நூற்றாண்டையொட்டி, 2018 நவம்பரில் அம்மூவரும் விடுவிக்கப்பெற்றனர். அவ்விடுதலை மகளிரை இழந்த பெற்றோர்க்குப் புண்ணில் வேல் பாய்ந்ததாகவே இருந்திருக்கும் என்பது எம் கருத்து. திருத்தும் வாயில் அனைவர்க்கும் திறந்திருத்தல் நன்றே. ஆயின் விழாவையொட்டி வழங்கும் அருள், துயருற்றார் குரலையும் கேட்டபின்னரே வழங்கப்பெறுதல் வேண்டும்.

நீதி காலந்தாழ்த்து வருகின்றதென்னும் குறையை யாம் மறுக்கவில்லை. அக்குறையைக் களைய மன்றங்களும் நீதிபதிகளும் மிகுதல் வேண்டும். ஏழைகளுக்குரிய இலவசச் சட்டவுதவி சிற்றூர்களிலும் அறியப்படல் வேண்டும். ஆயினும் தாழ்த்து வரும் நீதியைப் பின்னும் திருத்திக்கொள்ளலாம். தெருவில் அளிக்கும் தண்டனைக்கு மேன்முறையீடு இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் தோழர்கள், அடுத்த பெருந்தீர்ப்பு வெளிவரும் நாளில், கூடி நிற்போரிடம் இதனையேனும் எடுத்துரைப்பாராக: “வழக்கு இன்னும் முடியவில்லை, மேல்மன்றம் இருக்கின்றது, வீடு செல்லுங்கள்.”