வாசகருக்கு என்ன வேலை?

இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், சிறுகதைகளின் அடியில் ஐந்து நட்சத்திரங்களை வைக்கலாமா என்று கேட்டார். படித்து முடித்தவர் ஒன்றைச் சொடுக்குவார். பங்கேற்ற நிறைவு அவருக்கு, எண்ணிக்கை இதழுக்கு. வேண்டாம் என்றேன். தொலைபேசியில் சொல்லி முடியாத காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

வாசகரை ஈடுபடுத்துவதற்கென்று செய்யப்படுபவை இரண்டு வகை. அவர் கை சும்மா இராமல் எதையாவது கொடுத்து வைப்பது ஒன்று. அவரால் மட்டுமே தரமுடிந்த ஒன்றைக் கேட்பது மற்றொன்று. நட்சத்திரம் முதல் வகை.

இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம் உண்டு. 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் தளத்தில் 25 கேள்விகளை வெளியிட்டது. பலரை ஒருசேர விளிக்க என்ன சொல்வீர்கள், குளிர்பானத்தை எப்படி அழைப்பீர்கள் என்பவை போன்ற எளிய கேள்விகள். பதில் சொன்னால், உங்களைப்போலப் பேசுவோர் அமெரிக்காவில் எங்கே வாழ்கிறார்கள் என்று வரைபடம் காட்டும். ஆண்டு முடியச் சில நாள்களே இருக்கையில் வந்தும், அவ்வாண்டு அந்தத் தளத்தில் மிக அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். கேட்கப்பட்டது வாசகரின் அபிப்பிராயம் அன்று, அவருடைய ஊர்ப்பேச்சு.

2009இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியானபோது, கார்டியன் இதழ் ஏறத்தாழ நான்கரை லட்சம் பக்கங்களை வாசகர்முன் வைத்துப் படித்துத்தரக் கேட்டது. முதல் 80 மணி நேரத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் 1,70,000 ஆவணங்களைப் பார்த்தனர். பின்னர் வேகம் தளர்ந்தது, முழுதும் முடியவில்லை. ஆனாலும் அந்த உழைப்பு இதழுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

நமக்கு இது புதிதும் அன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழைதிருத்தி இணையத்தில் ஏற்றினார்கள். வாசகப் பங்கேற்பு என்றால் இதைவிடப் பெரிதாக என்ன வேண்டும்?

ஒன்றும் செய்யாமல் படித்துவிட்டுப் போகிறவரும் இருக்கிறார். அவரைச் செயலற்றவர் என்று எண்ணுவது பிழை. நல்ல கதையை வாசிப்பதே போதிய வேலை. கடைசி வரி தந்த மௌனத்தில் இருப்பவரிடம் 'எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்பது அந்த மௌனத்தைக் கெடுப்பது. முதல் கதை எழுதியவருக்கும் அதனால் பயனில்லை. மூன்று நட்சத்திரம் என்றால் எந்த இடத்தில் கதை தொய்ந்தது என்று அவர் எப்படி அறிவார்? நான்கு வரிக் கடிதம் அதைச் சொல்லிவிடும்.

ஆனால் கடிதம் கேட்டால் அதைப் படிக்க ஆள் வேண்டும், பதில் எழுத வேண்டும். நட்சத்திரத்தைக் கூட்டிக் கொள்ள இயந்திரம் போதும். அதன் கவர்ச்சியே அதுதான். வாசகர் தருவதைப் படிக்க நேரமில்லாத இதழ், அவரிடம் எதையும் கேட்காமலிருப்பதே நேர்மை.

நண்பருக்கு மாற்று யோசனை ஒன்று சொன்னேன். கதையில் வரும் வட்டாரச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். துடைப்பம் என்பார் ஒருவர். விளக்குமாறு, சீமாறு, வாரியல் என்று வரும். ஈழத்திலிருந்து தும்புத்தடி வரும். ஓராண்டில் ஒரு சிறு அகராதியே சேர்ந்துவிடும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாசகர் இருப்பார்.

யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நட்சத்திரங்களை வைக்க ஒரு மணி நேரம் போதும் என்பதுதான் என் கவலை.